பர்ச்சேஸில் இல்லாதவர்களுக்கு ஒரு பர்ச்சேஸ் வகுப்பு: கொடுத்த காசுக்குத் தகுமா?

முதலில் கணக்கு. இரண்டு நாள் வகுப்பு, நம் கம்பெனிக்கே வந்து எடுப்பார், 25 பேர் வரை உட்காரலாம், மொத்தம் 30,000 ரூபாய். சாப்பாடு, டீ, புரொஜெக்டர் எல்லாம் நம் பொறுப்பு. ஒரு மாதம் கழித்து அரை நாள் வந்து, என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவதும் இதிலேயே சேர்த்தி. முதல் நாளுக்கு மட்டும் 30,000 கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கலாம் என்பேன். இரண்டாம் நாளைப் பற்றி எனக்குப் புகார் உண்டு, பின்னால் வருகிறேன்.

நடத்துபவர் மதுரைப் பக்கத்து ஆலை ஒன்றில் பர்ச்சேஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். போர்டு கிடையாது, கம்பெனிப் பெயர் கிடையாது, விளம்பரமும் வேண்டாம் என்கிறார். அதனால் பெயர் போடவில்லை. கப்பலூர், திருமங்கலம் பக்கம் பர்ச்சேஸில் இருக்கிற யாரிடமாவது "பேரிங் பெட்டி சார்" என்று கேட்டால் நம்பர் கிடைத்துவிடும்.

நான் கப்பலூர் பக்கம் ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். ஓ-ரிங், புஷ், கேஸ்கெட், இந்த மாதிரி. பர்ச்சேஸ் என்று போர்டு மாட்டிய அறையில் இரண்டே பேர். ஆனால் கம்பெனி காசு வெளியே போகிற வழி இருபது. ஃபிட்டர் கடைக்கு போன் போட்டு பெல்ட் எடுத்து வைக்கச் சொல்வார். ஹெச்.ஆர். தங்கச்சி யூனிஃபார்ம் துணிக்கு ஆள் வரச் சொல்லும். லேப் கெமிஸ்ட் நேராக ஏஜென்டிடம் பேசி சாம்பிள் வாங்கி, அந்த சாம்பிளையே புரொடக்‌ஷனில் போட்டு, அப்புறம் "இதையே வாங்குங்க" என்பார். செக்யூரிட்டி அண்ணன் டார்ச் லைட்டுக்கு செல் வாங்கிவிட்டு கேட்டில் வந்து பில் நீட்டுவார். இத்தனையும் கடைசியில் என் மேசைக்கு வரும். வருகிற இன்டென்ட்டை, அதாவது இது வேண்டும் என்று எழுதி அனுப்புகிற தாளைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. "பேரிங் - 2 - அர்ஜென்ட்." "போன தடவை வந்த பசை." "பழைய மாதிரியே பெல்ட்." பழையது எது, போன தடவை எது என்று தேடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும்.

இப்படிப்பட்ட கூட்டத்துக்கு பர்ச்சேஸ் சொல்லித் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், பேரம் பேசக் கற்றுக்கொடுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எங்கள் பர்ச்சேஸ் ஆபீசரும் அப்படித்தான் நினைத்தார். அவர் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த விதமே சொல்லியது. ஆளாளுக்கு பேரம் பேச ஆரம்பித்தால் அவருக்கு என்ன வேலை?

பேரம் பற்றி முதல் நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. "இந்த வாரம் ஏதாவது கடைக்காரர்கிட்ட, ஏஜென்ட்கிட்ட பேசினவங்க கை தூக்குங்க" என்றார். பர்ச்சேஸ் அறை ஆட்கள் இரண்டு பேரைத் தவிர மற்றவர்களுக்கு பர்ச்சேஸோடு சம்பந்தமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் முக்கால்வாசிக் கை மேலே போனது. "சரி, வாங்குறது ஏற்கெனவே நீங்கதான். அவங்க ரெண்டு பேரும் பி.ஓ., அதான் பர்ச்சேஸ் ஆர்டர், டைப் அடிக்கிறாங்க, அவ்வளவுதான்" என்றார். பின்வரிசையில் கட்டிய கை இன்னும் இறுகியது.

அடுத்து அந்தப் பெட்டி. பழைய பிஸ்கட் டின் ஒன்றிலிருந்து பேரிங்குகளை எடுத்து மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் 6205 என்று இருந்தது. "எனக்கு 6205 பேரிங் ஒண்ணு வேணும், எடுத்துக் குடுங்க" என்று மெயின்டனன்ஸ் ஆட்களைக் கூப்பிட்டார். வெர்னியரும் கொடுத்தார். உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15. எல்லாம் ஒன்றுபோலவே வந்தது. கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வரும், 05 என்றால் 25 என்று ஃபிட்டர் அண்ணனே எடுத்துச் சொன்னார். அவருக்கு அது தண்ணி பட்ட பாடு.

"அப்ப எதை வேணா போடலாமா?"

அங்கேதான் விஷயம். ஒன்றில் இரண்டு பக்கமும் திறந்து குண்டுகள் தெரிந்தன. ஒன்றில் இரண்டு பக்கமும் தகடு, எண்ணுக்குப் பின்னால் இசட் இசட். ஒன்றில் ரப்பர் சீல், 2ஆர்எஸ். இன்னொன்றில் ரப்பர் சீலோடு சி3 என்றும் இருந்தது. சி3 என்றால் உள்ளே குண்டுக்கும் பாதைக்கும் நடுவில் சாதாரண பேரிங்கைவிட இடைவெளி கொஞ்சம் அதிகம். சூடேறி விரிகிற மோட்டாருக்கு அது வேண்டும். தூசி பறக்கிற இடத்தில் திறந்த பேரிங் போட்டால் என்ன ஆகும் என்று ஃபிட்டருக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் மிக்ஸிங் செக்‌ஷனில் கார்பன் பிளாக் (ரப்பரில் கலக்கிற கரித்தூள்) பறக்கும், வெள்ளைச் சட்டை போட்டுப் போனால் திரும்பி வரும்போது யார் என்றே தெரியாது.

ஃபிட்டர் அண்ணன் சரியான பேரிங்கைத் தனியாக எடுத்து வைத்தார். காரணமும் சொன்னார். அப்புறம் அவர் அந்த மாதம் எழுதிய இன்டென்ட்டை என்னிடம் கேட்டு வாங்கி, புரொஜெக்டரில் போட்டார் பயிற்சியாளர். "6205 பேரிங் - 4." அவ்வளவுதான் இருந்தது. கையில் இருக்கிற அறிவு தாளில் இல்லை. பர்ச்சேஸ் ஆபீசருக்கு ரப்பர் சீலும் தெரியாது, தகடும் தெரியாது. அவர் மூன்று கடையில் விலை கேட்டு, குறைவாகச் சொன்னவரிடம் வாங்குவார். திறந்த பேரிங் எப்போதும் விலை குறைவு. அதுதான் வரும். ஃபிட்டர் "என்னத்தையோ வாங்கிப் போட்டிருக்காய்ங்க" என்று திட்டிவிட்டுத் திருப்பி அனுப்புவார். வருடக்கணக்கில் எங்கள் கம்பெனியில் நடப்பது இதுதான். இதைச் சொல்ல பயிற்சியாளர் யாரையும் குறை சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஃபிட்டரே எழுந்து, "சரிங்க சார், இனிமே முழுசா எழுதுறோம்" என்றார்.

பெல்ட்டுக்கும் இதே கதை. குறுக்களவில் பி செக்‌ஷனா ஏ செக்‌ஷனா, நீளம் எத்தனை இன்ச், எத்தனை பெல்ட் சேர்ந்து ஓடுகிறது. மூன்று பெல்ட் ஓடுகிற புல்லியில் ஒன்று மட்டும் அறுந்தாலும் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் புதியது மட்டும் மொத்த லோடையும் இழுக்கும். இது ஃபிட்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், இன்டென்ட் பாஸ் பண்ணுகிற அக்கவுன்ட்ஸுக்குத் தெரியாது. "ஒண்ணு அறுந்ததுக்கு எதுக்கு மூணு?" என்று வெட்டிவிடுவார்கள். ஒரு வரி காரணம் எழுதியிருந்தால் வெட்ட மாட்டார்கள். ஹெச்.ஆர். தங்கச்சிக்கு பாதுகாப்பு ஷூவை வைத்துச் சொன்னார். "ஷூ - கருப்பு - 8 நம்பர்" என்று எழுதினால் கருப்பாக ஏதோ ஒன்று வரும். ஐ.எஸ். 15298, விரல் பகுதியில் 200 ஜூல் அடி தாங்குவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது என்று எழுதினால் வேறு வழியே இல்லை, அதைத்தான் கொடுத்தாக வேண்டும்.

பிராண்ட் பெயர் எழுதலாமா என்பதில் லேப் கெமிஸ்ட்டுக்கும் பயிற்சியாளருக்கும் நல்ல வாக்குவாதம். பிராண்ட் எழுதினால் ஏஜென்ட் விலையை ஏற்றுவான், அதனால் என்ன தேவை என்று மட்டும் எழுது என்பது அவர் கட்சி. கெமிஸ்ட் விடவில்லை. "சார், ஆக்சிலரேட்டர் வேற இடத்துல இருந்து வந்தா க்யூர் டைம் மாறும். நான் ஒரு பேட்ச் போட்டுப் பார்க்காம மாத்த முடியாது. கஸ்டமருக்கும் சொல்லணும்." (ஆக்சிலரேட்டர் என்பது ரப்பர் வேகிற வேகத்தைக் கூட்டுகிற கெமிக்கல், க்யூர் டைம் என்பது அது வேக ஆகிற நேரம்.) பேரிங் விஷயத்தில் அவர் சொன்னது சரி, ரப்பர் கெமிக்கல் விஷயத்தில் கெமிஸ்ட் சொன்னதுதான் சரி. அவர் முழுமையாக ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சை மாற்றினார். ஆலையிலேயே காலம் தள்ளியவருக்கு ஃபார்முலா வைத்து ஓடுகிற தொழிலின் தொல்லை அவ்வளவாகப் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் கம்பெனி மருந்து, பெயின்ட், உணவுப் பொருள் என்று இருந்தால் இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மதியத்துக்கு மேல் கொட்டேஷன். ஒரு இரும்பு ரேக், மூன்று விலை. முதல் ஆள் 10,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., நம் இடத்தில் இறக்கித் தருவார். இரண்டாவது ஆள் 11,200, எல்லாம் சேர்த்து, காம்போசிஷன் (ஜி.எஸ்.டி.யில் சிறு வியாபாரிகளுக்கான தனித் திட்டம்) வியாபாரி. மூன்றாவது ஆள் கோயம்புத்தூர், 9,400, மேலே 18 சதவீதம், லாரி வாடகை டு-பே, அதாவது இறக்கும்போது நாம் கட்ட வேண்டும், முழு அட்வான்ஸ். எது சல்லிசு?

கையில் கொடுக்கிற தொகையைப் பார்த்தால் முதல் ஆள் 11,800, இரண்டாமவர் 11,200, மூன்றாமவர் 11,092. எல்லோரும் மூன்றாவதைத்தான் சொன்னார்கள். அப்புறம் போர்டில் ஒவ்வொன்றாக எழுதினார். ஜி.எஸ்.டி. என்பது நமக்கு இன்புட்டாகத் திரும்பி வரும், அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், அதனால் அது செலவில்லை. முதல் ஆள் உண்மையில் 10,000. காம்போசிஷனில் இருப்பவர் வரி வசூலிக்கக் கூடாது, அதனால் நமக்குத் திரும்பி வருவதற்கு ஒன்றும் இல்லை, 11,200 அப்படியே செலவு. மூன்றாமவர் 9,400, லாரி வாடகை 900, இறக்குக் கூலி 200, மொத்தம் 10,500. பார்வைக்கு அதிகமாகத் தெரிந்தவர்தான் சல்லிசு. அட்வான்ஸாகக் கொடுத்த பணம் ரேக் வருகிற வரைக்கும் அங்கே தூங்குவது தனி. காம்போசிஷன் வியாபாரியிடம் வாங்கவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை, அவர் பில்லிலேயே வரி வசூலிக்கத் தகுதியில்லை என்று எழுதியிருப்பார், அதைப் படித்துவிட்டுக் கணக்குப் போடு என்பதுதான். முதல் ஆள் விஷயத்திலும் ஒரு கொக்கி உண்டு. அவர் ஒழுங்காக ரிட்டர்ன் போட்டு, ஜி.எஸ்.டி. தளத்தில் நம் பெயருக்கு வரும் பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர். 2பி-யில் அந்த பில் தெரிந்தால்தான் இன்புட் கிடைக்கும். அக்கவுன்ட்ஸ் ஆட்கள் அன்றைக்குத்தான் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மோட்டார் கணக்கு இன்னும் நன்றாக இருந்தது. 10 எச்.பி., நாலு துருவ (4 pole) மோட்டார். ஐ.இ. என்பது கரண்ட் சிக்கனத்துக்கான தர வகுப்பு. ஐ.இ.2 என்றால் திறன் 88.7 சதவீதம், ஐ.இ.3 என்றால் 90.4. இரண்டுக்கும் வித்தியாசம் 1.7 தானே என்று தோன்றும். வருடம் 6,000 மணி நேரம் முழு லோடில் ஓடினால் சுமார் 950 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 7,600 ரூபாய், ஒவ்வொரு வருடமும். அந்த மோட்டார் ஒரு வருடத்தில் தின்கிற கரண்ட் மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் ரூபாய். அதாவது ஒரு மாதக் கரண்டே 33,000. இதில் வாங்கும்போது இரண்டாயிரம் குறைத்துவிட்டேன் என்று மீசையை முறுக்குகிறோம். எலெக்ட்ரீஷியன் தம்பி உடனே, "சார், நம்ம பிரஸ் மோட்டார் பாதி நேரம் சும்மாதான் சுத்தும், முழு லோடு கிடையாது" என்றான். "அப்ப பாதி வை, அப்பவும் மூவாயிரத்துக்கு மேல வருதுல்ல" என்றார். பையன் விடாமல் செல்போனில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தான். இந்த மாதிரி ஆட்கள் வகுப்பில் இருந்தால் வகுப்பு நன்றாகப் போகும்.

முதல் நாளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியை அவர் எடுக்கவில்லை, எங்கள் கேன்டீன் மாஸ்டர் எடுத்தார். "இங்க இருக்கிறவங்கள்ல வருஷம் முழுக்க தினம் வாங்குறது யாரு?" என்று கேட்டு அவரை முன்னால் கூப்பிட்டுவிட்டு, தான் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மாஸ்டர் கூச்சத்தில் துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டார். அப்புறம் வாய் திறந்தது. கீழமாசி வீதியில் எந்தக் கடையிலும் மூட்டையின் மேல்வாய்ப் பருப்பைப் பார்த்து வாங்க மாட்டாராம். குத்தூசி போட்டு நடுமூட்டையிலிருந்து எடுக்கச் சொல்லி, உள்ளங்கையில் தேய்த்து, ஊதிப் பார்ப்பாராம். புளியும் மிளகாயும் புதுசு வரத்து மாசி, பங்குனியில்தான். அப்போதே வருடத்துக்குத் தேவையானதில் பெரும்பகுதியை வாங்கிக் காயவைத்து எடுத்து வைத்துவிடுவாராம். ஆடி, ஆவணியில் வாங்குகிறவன் வியாபாரிக்கு குடோன் வாடகை கட்டுகிறான் என்றார். அரிசி மட்டும் ஒரே கடையில் வாங்குவதில்லை. இரண்டு கடை வைத்திருக்கிறார், ஒரு கடைக்காரர் கை விரித்தால் அன்றைக்கு 180 பேருக்குச் சோறு வேண்டுமே.

பயிற்சியாளர் எழுந்து, மாஸ்டர் சொன்ன ஒவ்வொன்றையும் போர்டில் எழுதினார். நடு மூட்டை என்றால் ரேண்டம் சாம்பிள். மாசி, பங்குனி என்றால் சீசன் பார்த்து வாங்குவது. இரண்டு கடை என்றால் ஒரே சப்ளையரை நம்பாமல் இருப்பது. பின்வரிசையில் கட்டிய கை அப்போதுதான் அவிழ்ந்தது. ஆயுத பூஜைக்கு மல்லிகை மாலையை பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் மாட்டுத்தாவணிக்கு ஆள் அனுப்பி, சொன்ன விலைக்கு வாங்குகிற ஹெச்.ஆர்.-ஐ எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவம் அந்தத் தங்கச்சி.

இனி இரண்டாம் நாள்.

காலையில் பேரம் பேசும் நாடகம். ஒருவர் ஏஜென்டாகவும் ஒருவர் கம்பெனி ஆளாகவும் நடிக்க வேண்டும். சிரிப்பு நிறைய, சரக்கு கொஞ்சம். கடைக்காரரிடம் போனில் சொல்லக் கூடாதவை என்று அவர் சொன்ன மூன்று மட்டும் உருப்படி. மிஷின் நின்று போச்சு என்று சொல்லாதே, வேறு யாரிடமும் கிடைக்கவில்லை என்று சொல்லாதே, எங்கள் பட்ஜெட் இவ்வளவு என்று சொல்லாதே. எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர்கள் போனை எடுத்ததும் சொல்கிற முதல் மூன்று வாக்கியம் இவைதான். இதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம்.

மதியம் பிரியாணிக்குப் பிறகு நான்கு கட்டம். பீட்டர் கிரால்ஜிக் என்பவர் 1983-ல் எழுதியது. எந்தப் பொருள் நம் லாபத்தை எவ்வளவு பாதிக்கும், கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இரண்டு பக்கமும் வைத்துப் பொருட்களை நான்கு கட்டத்தில் போட வேண்டும். எங்களுக்கு இயற்கை ரப்பர் ஒரு கட்டம், ரப்பர் போர்டு தினமும் வெளியிடுகிற கோட்டயம் ஆர்.எஸ்.எஸ்.-4 (ஷீட் ரப்பரில் ஒரு தரம்) விலையைப் பார்த்துத்தான் முதலாளிக்கே அன்றைய மூஞ்சி மாறும். அட்டைப் பெட்டி ஒரு கட்டம், பத்துப் பேர் தரத் தயார். பேனா, பேப்பர் ஒரு கட்டம். நாலாவதுதான் ஆபத்து. பிரஸ்ஸில் இருக்கிற ஹைட்ராலிக் சீல் கிட், விலை அற்பம், வர நாளாகும், இல்லையென்றால் பிரஸ் நிற்கும். அந்த நாலாவது கட்டத்தை மட்டும் எடுத்து, ஒவ்வொரு செக்‌ஷனும் தன்னிடம் அப்படி என்ன இருக்கிறது என்று எழுதச் சொல்லியிருந்தால் எனக்கு ரீஆர்டர் லெவல் (இருப்பு இவ்வளவு குறைந்தால் திரும்ப வாங்கு என்ற அளவு) வைக்க நல்ல பட்டியல் கிடைத்திருக்கும். அவர் நான்கையும் சமமாக விளக்கிக்கொண்டிருந்தார், பாதிப் பேர் கண் சொருகிவிட்டது.

இதில் நேரம் போனதால் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டிய சட்ட விஷயம் கடைசி இருபது நிமிடத்தில் ஓடியது. எனக்கு இதில்தான் கோபம். சிறு, குறு நிறுவனம் ஒன்றிடம் வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2006-ம் ஆண்டுச் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கெடு தாண்டிவிட்டால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். வெறும் வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தக் கெடு பொருந்தாது, உத்யம் (சிறு, குறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பதிவுள்ள உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான்.

இது அக்கவுன்ட்ஸ் சமாச்சாரம், லேபுக்கு என்ன என்று தோன்றும். அந்த 45 நாள் எப்போதிலிருந்து எண்ணுவது? சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து. சரக்கு சரியில்லை என்றால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், வந்த அன்றைக்கே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். எங்கள் லேபில் இன்னும் முடிவு சொல்லாத, மஞ்சள் டேக் மாட்டிய டிரம்கள் வாரக்கணக்கில் நிற்கும். "போன்ல சொல்லிட்டேன்க்கா, சரக்கு சரியில்லன்னு" என்பார் கெமிஸ்ட். போனில் சொன்னது செல்லாது. ஒரு மெயில் தட்டியிருந்தால் போதும். கம்பெனியில் பர்ச்சேஸ் தெரியாத ஒருவர் செய்கிற, செய்யாத ஒரு சின்ன வேலை வட்டியாக வந்து நிற்கிற இடம் இதுதான். பேரிங்குக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் செலவாக ஏற்க மாட்டார்கள் என்பதையும் போகிற போக்கில் சொன்னார். செக்யூரிட்டி அண்ணன் காதில் அது விழுந்ததா தெரியவில்லை.

கொடுத்த கையேடு முழுக்க இங்கிலீஷ். வாயால் சொன்னது அத்தனையும் நல்ல மதுரைத் தமிழ், தாளில் வந்தது பெரிய கம்பெனி மேனேஜர்களுக்கு எழுதியது. ஃபிட்டரும் கேன்டீன் மாஸ்டரும் அதை என்ன செய்வார்கள்? மாஸ்டர் அதில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். கூடவே வந்த எக்செல் ஷீட் எங்கள் கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை. சந்தேகம் இருந்தால் வாட்ஸ்அப்பில் கேளுங்கள் என்றார், பதில் வரும், ஆனால் அவர் பேரன் பேத்தியோடு ஊருக்குப் போகாத வாரமாக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், இதை அவர் முதல் மணி நேரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். எல்லோருக்கும் பர்ச்சேஸ் தெரியட்டும், ஆனால் சப்ளையரிடம் விலை பேசுகிற வாய் ஒன்றாக இருக்கட்டும். இதை இரண்டாம் நாள் முடியும்போது, நாற்காலி இழுக்கிற சத்தத்துக்கு நடுவில் சொன்னார். விளைவு, எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒருவர் உற்சாகத்தில் தானாகவே அட்டைப் பெட்டிக்காரருக்கு போன் போட்டு, நாலு சதவீதம் குறைத்துவிட்டேன் என்று பர்ச்சேஸில் வந்து நின்றார். குறைத்தது உண்மைதான். அதற்குப் பதிலாக ஒரே லாட்டில் இரண்டு மடங்கு எடுப்பதாகவும், பணத்தை 15 நாளில் தருவதாகவும் ஒத்துக்கொண்டிருந்தார். பெட்டி வந்து இறங்கியது ஐப்பசியில். ஸ்டோர்ஸில் இடமில்லை, சைக்கிள் ஷெட்டில் அடுக்கினோம். அந்த வருட மழைக்குக் கீழ் வரிசை அப்பளமாக ஊறிப் போனது. குறைத்த நாலு சதவீதம் எங்கே போனது என்று அக்கவுன்ட்ஸ் இன்னும் கேட்கிறது. அரைகுறையாகச் சொல்லிக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

ஒரு மாதம் கழித்து வந்த அரை நாள் நன்றாக இருந்தது. சொற்பொழிவு இல்லை. என் மேசைக்கு வந்து, அந்த மாத இன்டென்ட் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். அதற்குள் நானும் பர்ச்சேஸ் ஆபீசரும் சேர்ந்து இன்டென்ட் தாளை மாற்றியிருந்தோம். எந்த மிஷினுக்கு, எதற்கு, எந்தத் தேதிக்குள், மாற்று வந்தால் ஏற்கலாமா என்று நான்கு கட்டம். அர்ஜென்ட் என்று எழுத இடமே இல்லை, தேதிதான் எழுத வேண்டும். எழுத வராதவர்கள் மிஷினின் பெயர்த்தகட்டையும் பழைய பாகத்தில் இருக்கிற எண்ணையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். மாற்று ஏற்கலாமா என்ற கட்டத்தில் ஆம், இல்லை என்று மட்டும் இருந்தது. யாரிடம் கேட்டுவிட்டு என்று ஒரு இடம் சேர்க்கச் சொன்னார். கெமிஸ்ட்டோடு போட்ட வாக்குவாதத்தை மனிதர் மறக்கவில்லை. இப்போது சரக்குத் திரும்பிப் போவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்திருக்கிறது. "என்னத்தையோ வாங்கிப் போட்டிருக்காய்ங்க" என்ற குரலும் மெயின்டனன்ஸ் பக்கமிருந்து அவ்வளவாக வருவதில்லை.

கூப்பிட நினைப்பவர்களுக்கு. உங்கள் கம்பெனியில் பத்துப் பேர்தான் என்றால் தனியாகக் கூப்பிட வேண்டாம், எஸ்டேட்டில் பக்கத்து யூனிட்டுகளோடு சேர்ந்தோ, மடீட்சியா மாதிரி சங்கத்தில் பேசியோ ஒரு பேட்ச் போட்டால் தலைக்கு ஆயிரத்து சொச்சத்தில் முடியும். பேசும்போதே மூன்று விஷயம் கறாராகச் சொல்லிவிடுங்கள்: கையேடு தமிழில் வேண்டும், பேர நாடகம் வேண்டாம், அந்த நேரத்தில் 45 நாள் விஷயத்தை லேபையும் ஸ்டோர்ஸையும் வைத்து விளக்க வேண்டும். நம் பழைய இன்டென்ட்டுகளை முன்கூட்டியே கொடுத்தால் அதை வைத்தே நடத்துகிறார், அதுதான் ஆட்களுக்கு ஏறுகிறது. முதலாளியையோ ஜி.எம்.-மையோ முதல் நாள் காலையிலாவது உட்கார வையுங்கள். எங்கள் ஆள் தலையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார், அர்ஜென்ட் என்று இன்றும் எழுதுவது அவர் ஒருவர்தான். சித்திரைத் திருவிழா வாரத்தில் தேதி கொடுக்காதீர்கள், அவரும் வர மாட்டார், உங்கள் ஆட்களும் வர மாட்டார்கள். பாதி அட்வான்ஸ், மீதி வகுப்பு முடிந்த அன்றே கேட்கிறார். பில்லில் ஜி.எஸ்.டி. இருக்காது, பதிவு வாங்குகிற அளவுக்கு வருமானம் இல்லையாம். அதனால் 30,000 என்றால் 30,000 தான், இன்புட் எதுவும் திரும்பி வராது, அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.